கேள்வி ஸ்பானிஷைப் பற்றியதா, ஆங்கிலத்தைப் பற்றியதா?

(ஸ்பானிஷ் பயிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் ஸ்பானிஷ் கற்க உட்கார்ந்தால், முதல் சில மாதங்களில் அவர் என்னென்ன கேட்பார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். 'இரு' என்ற ஒரு பொருளுக்கு ஏன் இரண்டு வினைகள்? 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்றால் காப்பி எப்படி எழுவாய் ஆகிறது? 'மரியாவைப் பார்க்கிறேன்' என்பதில் நடுவே ஏன் ஓர் 'ஆ' வந்து நிற்கிறது? இறந்தகாலம் ஒன்று போதாதா? சப்ஜங்டிவ் என்கிறார்களே, அது எதற்கு? லண்டன் வகுப்பிலும் இவைதான், டெக்சஸ் வகுப்பிலும் இவைதான்.

அவர்களுடைய கேள்விகளைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. நம் கைக்கு வரும் ஸ்பானிஷ் இலக்கண நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்கு எங்கே இடறுமோ அங்கே பத்துப் பக்கம் விளக்கம் இருக்கும். அவர்களுக்கு இயல்பாக வருவது ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த நூல்களை நாம் வாங்கும்போது அவர்களுடைய ஐயங்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம். அந்த ஐயங்களுக்குச் சொல்லப்படும் அவசர விடைகளையும் வாங்கிக்கொள்கிறோம். என் கருத்து இதுதான்: இந்தக் கேள்விகளில் பாதி ஸ்பானிஷ் மொழியின் கடினத்தால் எழுபவை அல்ல. ஆங்கிலத்தில் ஒன்று இல்லாததால் எழுபவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நம் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

முதலில் 'செர்', 'எஸ்தார்' என்ற இரட்டையர்.

ஆங்கிலத்தில் 'பி' என்ற ஒரே வினை செய்யும் வேலையை ஸ்பானிஷில் இவ்விரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. எப்போது எது என்று கேட்டால் வகுப்பறையில் தயாராக ஒரு விடை இருக்கும்: நிரந்தரமானதற்குச் 'செர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்'. நோட்டில் குறித்துக்கொள்ள வசதியான விடைதான். ஆனால் தவறான விடை. இறந்துபோன ஒருவரைப் பற்றி ஸ்பானிஷில் 'எஸ்தா முவெர்தோ' என்கிறார்கள். அது 'எஸ்தார்'. சாவைவிட நிரந்தரமானது எது? பெரு நாட்டின் மச்சு பிச்சு 15ஆம் நூற்றாண்டிலிருந்து அதே மலைமுகட்டில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லவும் 'எஸ்தா'தான். மறுபக்கம் பாருங்கள். மணி மூன்று என்பதற்கு 'சோன் லாஸ் த்ரேஸ்'. அது 'செர்'. அடுத்த நிமிடமே பொய்யாகிவிடும் செய்திக்கு 'செர்' வருகிறது. 'அவர் இளைஞர்' என்பதற்கும் 'செர்', 'அவள் மாணவி' என்பதற்கும் 'செர்'. இளமையும் நிற்பதில்லை, மாணவப் பருவமும் நிற்பதில்லை.

பின்னே எதுதான் அளவுகோல்? ஒன்றை 'இன்னது' என்று அடையாளம் சொன்னால், இன்ன வகையைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தினால், 'செர்'. அது எந்த நிலையில் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொன்னால் 'எஸ்தார்'. காலத்தின் நீளம் இதில் நுழைவதே இல்லை. சாவு ஒரு நிலை. எவ்வளவு காலம் நீடித்தாலும் அது நிலைதான். 'எஸ்தார்' என்ற வினை லத்தீனில் 'நிற்றல்' என்ற பொருள் கொண்ட 'ஸ்தாரே'யிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இடமும் நிலையும் ஏன் அதன் பங்கில் விழுந்தன என்பது விளங்கும்.

ஒரே பெயரடையுடன் இரண்டு வினைகளும் வரும்போதுதான் இதன் அழகு தெரியும். 'சொய் லிஸ்தோ' என்றால் நான் புத்திசாலி. 'எஸ்தொய் லிஸ்தோ' என்றால் நான் தயார். விருந்துக்குப் போன இடத்தில் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு 'எஸ்தா ரிகா' என்கிறார் விருந்தாளி. இப்போது, இந்த வாயில், சுவையாக இருக்கிறது என்று பொருள். அங்கே யாரும் அகராதி தேடுவதில்லை. பேசுபவர் வகையைச் சொல்கிறாரா, தம் அனுபவத்தைச் சொல்கிறாரா என்பதைக் கேட்பவர் வினையிலேயே பிடித்துக்கொள்கிறார். 'எஸ் குவாபா' என்றால் அவள் அழகி. 'எஸ்தா குவாபா' என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாள். சொன்னவர் தன் அலங்காரத்தைக் கவனித்துவிட்டார் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஒரு கைப்பிடி உண்டு. 'அவர் வக்கீல்' என்கிறோம், வினையே இல்லை. 'அவர் கோபமாக இருக்கிறார்', 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்கிறோம், 'இரு' வந்துவிடுகிறது. அடையாளத்துக்கு ஒரு வழி, நிலைக்கும் இடத்துக்கும் வேறு வழி என்று நம் வாய் ஏற்கெனவே பழகியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஸ்பானிஷில் மண்டபம் எங்கே என்பதற்கு 'எஸ்தார்' வரும். கல்யாணம் எங்கே என்பதற்குச் 'செர்' வரும். ஆங்கில மாணவர்கள் இந்த விதிவிலக்கைத் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். நாமோ மண்டபம் எங்கே 'இருக்கிறது' என்றும் கல்யாணம் எங்கே 'நடக்கிறது' என்றும் வேறுவேறாகத்தான் கேட்கிறோம். பொருளும் நிகழ்ச்சியும் ஒன்றல்ல என்பது நம் மொழிக்கும் தெரியும். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் 'இரு' போட்டுச் சொல்வதற்கு ஸ்பானிஷில் 'செர்'தான் வரும். தமிழைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விட முடியாது. பாதி வழிக்குத் துணை வரும், அவ்வளவுதான்.

அடுத்தது 'மே குஸ்தா எல் கஃபே'. எனக்குக் காப்பி பிடிக்கும். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாய், காப்பி செயப்படுபொருள். ஸ்பானிஷில் காப்பிதான் எழுவாய். புத்தகங்கள் பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' என்று வினை பன்மைக்கு மாறுகிறது. பிடிப்பவர் ஒருவராக இருந்தும் பிடித்தவை பலவாக இருப்பதால் மாறுகிறது. ஆங்கில நூல்களில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கும். 'தலைகீழ் வினைகள்' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். எதற்குத் தலைகீழ்? ஆங்கிலத்துக்குத் தலைகீழ். 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லி வளர்ந்தவருக்கு இதில் தலைகீழ் ஒன்றும் இல்லை. 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. வலிப்பது தலை, வலி எனக்கு. சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம்தான். 'என் தலை' என்று சொல்லவும் தேவையில்லை. 'எனக்கு' என்று சொன்ன பிறகு யாருடைய தலை என்று எந்த ஸ்பானியரும் கேட்கமாட்டார், நாமும் கேட்பதில்லை.

ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இந்த அமைப்பு இருந்தது. இன்று 'லைக்' என்று வழங்கும் வினை பழைய ஆங்கிலத்தில் 'பிடித்தமாய் இருத்தல்' என்ற பொருளில்தான் வந்தது; பிடித்தவர் நான்காம் வேற்றுமையில் நின்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்', 'எனக்குத் தோன்றுகிறது' என்ற அந்தப் பழைய அமைப்பின் எச்சம். ஆங்கிலம் கைவிட்டதை ஸ்பானிஷ் வைத்திருக்கிறது. கைவிட்டவர்களுக்கு விசித்திரமாகத் தெரிவது நியாயம். நமக்கு ஏன் விசித்திரமாகத் தெரிய வேண்டும்?

இனி நான் மிகவும் விரும்பும் இடத்துக்கு வருகிறேன். செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் 'ஆ'.

'வேயோ லா மேசா' என்றால் மேசையைப் பார்க்கிறேன். 'வேயோ ஆ மரியா' என்றால் மரியாவைப் பார்க்கிறேன். மேசைக்கு முன்னால் ஒன்றும் இல்லை. மரியாவுக்கு முன்னால் ஓர் 'ஆ'. ஆங்கில மாணவர் குழம்பிப்போகிறார். அந்த 'ஆ'வுக்கு அவர் மொழியில் ஈடாக ஒரு சொல்கூட இல்லை. எதையும் குறிக்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். ஆசிரியர் 'மனிதர்களுக்கு முன்னால் ஆ போடு' என்கிறார். அது பெரும்பாலும் சரி. கொஞ்சம் உள்ளே போனால் போதாது.

தமிழில் 'படம் பார்த்தேன்' என்று உருபு இல்லாமல் சொல்லலாம். 'டாக்டர் பார்த்தேன்' என்று சொல்ல முடியுமா? 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அஃறிணையில் ஐயுருபு மறையலாம். உயர்திணையில் பொதுவாக மறைவதில்லை. உலகத்தில் பல மொழிகள் இப்படிச் செய்கின்றன. செயப்படுபொருள் எல்லாவற்றுக்கும் உருபு போடாமல், உயிருள்ளதா, குறிப்பானதா என்று பார்த்துச் சிலவற்றுக்கு மட்டும் போடுகின்றன. ஜெர்மன் மொழியியலறிஞர் கியோர்க் போசோங் 1980களில் இதற்கு ஒரு பொதுப்பெயர் வைத்து ஆராய்ந்தார். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஸ்பானிஷும் தமிழும் இந்தப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். ஒரு குடும்பம் 'பெண் பார்க்கப் போகிறது'. அங்கே பெண் உயர்திணைதான். ஆனாலும் உருபு இல்லை. ஏன்? இன்ன பெண் என்று இன்னும் தீரவில்லை. அதே குடும்பம் 'அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறது' என்றால் ஆள் குறிப்பாகிவிட்டார், 'ஐ' வந்துவிட்டது. 'டிரைவர் தேடுகிறோம்' என்றால் வேலை காலியாக இருக்கிறது. 'டிரைவரைத் தேடுகிறோம்' என்றால் இருந்த டிரைவரைக் காணவில்லை. இப்போது ஸ்பானிஷைக் கேளுங்கள். 'புஸ்கோ உன் மெதிகோ': எனக்கு யாராவது ஒரு மருத்துவர் வேண்டும், யாரென்று தெரியாது. 'புஸ்கோ ஆ உன் மெதிகோ': ஒரு குறிப்பிட்ட மருத்துவரைத் தேடுகிறேன். மனிதரா இல்லையா என்பது மட்டும் அல்ல, பேசுபவர் மனத்தில் இன்னார் என்று இருக்கிறாரா இல்லையா என்பதும் சேர்ந்துதான் அந்த 'ஆ'வைத் தீர்மானிக்கிறது. 'கியேரோ உன் இஹோ' என்றால் எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். 'கியேரோ ஆ மி இஹோ' என்றால் என் மகன்மேல் எனக்கு அன்பு. வீட்டு நாயைக் குறித்தும் 'ஆ' போட்டுத்தான் அன்பைச் சொல்வார்கள். அது அவர்களுக்கு வெறும் விலங்கு அல்ல.

வேறுபாடும் உண்டு. நாம் 'அந்தப் புத்தகத்தைப் படித்தேன்' என்று குறிப்பான அஃறிணைக்கும் 'ஐ' போடுவோம். ஸ்பானிஷோ, புத்தகம் எவ்வளவு குறிப்பானதாக இருந்தாலும் அதற்கு 'ஆ' போடாது. 'தெனெர்', அதாவது உடைமையைச் சொல்லும் வினை, 'எனக்கு ஒரு மகன் இருக்கிறான்' என்ற பொருளில் வரும்போது 'ஆ' கேட்பதில்லை. இவற்றைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அடிப்படையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது நமக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மருத்துவரை இன்னும் விடவில்லை. ஆங்கிலம் பேசத் தெரிந்த மருத்துவர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும் சரி என்றால் 'புஸ்கோ உன் மெதிகோ கே ஆப்லே இங்லேஸ்'. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும், அவரைத்தான் தேடுகிறேன் என்றால் 'புஸ்கோ ஆ உன் மெதிகோ கே ஆப்லா இங்லேஸ்'. 'ஆ' வந்ததும் 'ஆப்லே' 'ஆப்லா' ஆகிவிட்டது. அந்த 'ஆப்லே'தான் எல்லோரும் அஞ்சும் சப்ஜங்டிவ்.

இதற்கு ஆங்கில வகுப்புகளில் ஆறெழுத்து மந்திரம் ஒன்று சொல்லித் தருகிறார்கள். 'வியர்டோ' என்பது அதன் பெயர்; அதன் ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஒரு பிரிவின் முதலெழுத்து. விருப்பம், உணர்ச்சி, பொதுக்கூற்று, பரிந்துரை, ஐயம் ஆகிய ஐந்தோடு, 'ஓஹலா' என்ற சொல்லும் சேர்த்து ஆறு. இவை வந்தால் சப்ஜங்டிவ் போடு என்பது பாடம். 'ஓஹலா' அரபியிலிருந்து வந்த சொல். கடவுள் நாடினால் என்ற பொருளில் தொடங்கி, இன்று 'நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்ற ஏக்கத்துக்கு வழங்குகிறது. தேர்வுக்கு இந்தப் பட்டியல் உதவும். பேசுவதற்கு உதவாது. பேசும்போது யாரும் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

'ஐயம் இருந்தால் சப்ஜங்டிவ்' என்று சுருக்கிச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் நிற்கவில்லை. 'மே அலேக்ரோ தே கே வெங்காஸ்': நீ வருவதில் எனக்கு மகிழ்ச்சி. நீ வருவது உறுதி. ஐயம் துளியும் இல்லை. ஆனாலும் 'வெங்காஸ்' சப்ஜங்டிவ். ஏன்? நீ வருகிறாய் என்பது இந்த வாக்கியம் சொல்லவந்த செய்தி அல்ல. அது முன்பே தெரிந்தது. என் மகிழ்ச்சிதான் செய்தி. பேசுபவர் ஒன்றை 'இது இப்படி' என்று தம் பொறுப்பில் அறிவித்தால் சாதாரண வினை. அறிவிக்காமல், விரும்பினாலோ மறுத்தாலோ தேடினாலோ அதன்மேல் கருத்துச் சொன்னாலோ சப்ஜங்டிவ். 'வருகிறான் என்று நினைக்கிறேன்' என்பதில் அறிவிப்பு இருக்கிறது: 'க்ரேயோ கே வியேனே'. 'வருகிறான் என்று நான் நினைக்கவில்லை' என்பதில் இல்லை: 'நோ க்ரேயோ கே வெங்கா'. ஆறு பிரிவுகளும் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

தமிழில் சப்ஜங்டிவ் என்று தனி வாய்பாடு இல்லை. ஆனால் இந்த உணர்வு இருக்கிறது. 'வருகிறான் என்று நினைக்கிறேன்' என்று முற்றுவினை போடும் நாம், மகிழ்ச்சியைச் சொல்லும்போது 'நீ வருவதில்' என்று தொழிற்பெயருக்கு மாறிவிடுகிறோம். பள்ளியில் படித்த வியங்கோள் வினைமுற்று நினைவிருக்கும்: வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். மாட்ரிட் தெருவில் கூட்டம் 'விவா' என்று முழங்கும்போது அது சப்ஜங்டிவ். அதையே நாம் 'வாழ்க' என்கிறோம். ஸ்பானிஷ் ஆசிரியர்கள் சப்ஜங்டிவ் பாடத்தை நம் மாணவர்களுக்கு இந்த 'வாழ்க'விலிருந்து தொடங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இறந்தகாலத்துக்கு வருவோம். ஸ்பானிஷில் எளிய இறந்தகாலம் இரண்டு. ஆங்கில நூல்கள் முடிந்தது ஒன்று, முடியாதது மற்றொன்று என்று சொல்கின்றன. மாணவர் அதைக் குறுகியது, நீண்டது என்று எடுத்துக்கொள்கிறார். 'லிமாவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்' என்று எழுதச் சொன்னால் பத்து ஆண்டு நீளமாயிற்றே என்று இரண்டாவதைப் போடுகிறார். 'விவி தியேஸ் ஆன்யோஸ் என் லிமா' என்று முதலாவதுதான் வர வேண்டும். பத்து ஆண்டானாலும் நூறு ஆண்டானாலும் தொடக்கமும் முடிவும் சேர்த்து ஒரு முழுமையாகச் சொன்னால் அது முதலாவது.

இதற்கு மிக நல்ல பெயர் வைத்தவர் ஆந்த்ரேஸ் பெய்யோ. 1781இல் கராகஸ் நகரில் பிறந்தவர், பல ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்தவர், பிறகு சிலிக்குச் சென்று அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். 1847இல் சந்தியாகோவில் அவர் வெளியிட்ட இலக்கணம் அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் மக்களுக்கென்றே எழுதப்பட்டது. இரண்டாவது இறந்தகாலத்துக்கு அவர் 'கோப்ரெதெரிதோ' என்று பெயர் கொடுத்தார். உடனிகழ் இறந்தகாலம் என்று நாம் சொல்லலாம். இன்னொன்று நிகழ்ந்தபோது கூடவே நிகழ்ந்துகொண்டிருந்தது என்று பொருள். மெக்சிகோவின் பள்ளிப் புத்தகங்களில் இன்றும் இந்தப் பெயர்தான். முடிந்ததா இல்லையா என்ற விவாதத்துக்கே இதில் இடமில்லை. 'குவாந்தோ யெகே, யோவியா': நான் வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மழை பிறகு நின்றதா என்பது இங்கே விஷயமே அல்ல.

இந்த இரண்டு காலங்களும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மோந்தெர்ரோசோவின் 'டைனோசர்' கதையைக் காட்டுவேன். 1959இல் வெளிவந்தது; மூலத்தில் ஏழே சொற்கள். ஒருவர் விழித்துக்கொள்வது முதல் இறந்தகாலத்தில் இருக்கிறது. டைனோசர் அங்கே இருப்பது உடனிகழ் இறந்தகாலத்தில். அந்த இரண்டாவது வினையை மாற்றினால் கதை செத்துவிடும். விழிப்பு ஒரு கணத்தில் நடந்து முடிகிறது. விலங்கோ அதற்கு முன்பும் இருந்தது, இனியும் இருக்கும் என்ற அச்சம் அந்த வினைவடிவத்தில்தான் குடியிருக்கிறது. காலத்தின் பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை. மாணவர்கள் இந்தக் கதையை மூலத்தில் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பழக்கத்தைச் சொல்லவும் இந்த உடனிகழ் காலம்தான். 'தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்' என்று, இறந்துபோன தாத்தாவைப் பற்றி நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோமே, அந்தப் 'போவார்' ஸ்பானிஷில் 'இபா'. 'ஒருநாள் போனார்' என்பது 'ஃபுவே'. 'போவார்', 'போனார்' என்று நாம் தடுமாறாமல் மாற்றிப் பேசுகிறோம். அந்தக் காதை ஸ்பானிஷுக்கும் கொடுத்தால் போதும். சில வினைகளில் மொழிபெயர்ப்பே மாறிவிடும்: 'கொனோசியா' என்றால் அவருடன் எனக்குப் பழக்கம் இருந்தது, 'கொனோசி' என்றால் அவருடன் அறிமுகமானேன்.

தமிழ் துணைக்கு வராத இடங்களையும் மறைக்கக் கூடாது. 'போர்', 'பாரா' என்ற முன்னிடைச்சொற்கள் அப்படிப்பட்டவை. 'போர்' பின்னால் இருக்கும் காரணத்தைப் பார்க்கிறது. 'பாரா' முன்னால் இருக்கும் இலக்கைப் பார்க்கிறது. நம்முடைய 'உனக்காக' இரண்டையும் மூடிவிடுகிறது. 'உனக்காகச் செய்தேன்' என்றால் உன்மேல் கொண்ட அன்பாலா, உன்னிடம் கொடுப்பதற்கா? ஸ்பானிஷில் முதலாவது 'போர் தீ', இரண்டாவது 'பாரா தீ'. இங்கே நாமும் ஆங்கிலேயரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுபட வேண்டியதுதான். பெயர்ச்சொற்களின் பாலும் அப்படியே. நமக்குப் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மேசை ஏன் பெண்பால் என்று கேட்டால் விடை இல்லை. ஆனால் விதிவிலக்குகளுக்கு வரலாறு உண்டு. 'ப்ரொப்ளேமா' ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால் ஆனது, அது கிரேக்கத்தில் அலிப்பாலாக இருந்து வந்த சொல் என்பதால். 'மானோ', அதாவது கை, ஓகாரத்தில் முடிந்தும் பெண்பாலாக இருப்பது லத்தீனிலேயே அது பெண்பால் என்பதால். 'எல் அக்வா' என்று தண்ணீருக்கு ஆண்பால் போன்ற 'எல்' வருவதைப் பார்த்து அதை ஆண்பால் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பெண்பால் வடிவமான 'எலா', அழுத்தமான 'அ'வுக்கு முன் தேய்ந்து நின்ற 'எல்' அது. குளிர்ந்த தண்ணீர் 'எல் அக்வா ஃப்ரியா'தான். பெயரடை பெண்பாலிலேயே நிற்கிறது.

இன்னும் இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக. 'அவனுக்கு அதை' என்று சொல்ல 'லே லோ' வர வேண்டிய இடத்தில் ஏன் 'சே லோ' வருகிறது? 'எல்' ஒலி இரண்டு முறை வருவது காதுக்கு ஒவ்வாது என்று பல ஆசிரியர்கள் சொல்லிவிடுகிறார்கள். உண்மைக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இடைக்கால ஸ்பானிஷில் அது 'ஜெ லோ' என்று இருந்தது. ஒலி மாற்றத்தில் அந்த 'ஜெ', ஏற்கெனவே இருந்த 'சே'யுடன் கலந்துவிட்டது. இரண்டாவது, 'உஸ்தெத்' என்ற மரியாதைச் சொல் முன்னிலையாக இருந்தும் ஏன் படர்க்கை வினை கேட்கிறது? அது 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் அருள்' என்ற விளி தேய்ந்து வந்த சொல். எதிரில் நிற்பவரிடமே 'ஐயா என்ன சொல்கிறார்?' என்று நாம் படர்க்கையில் கேட்பது உண்டல்லவா, அந்த மரியாதைதான் அங்கேயும்.

ஸ்பானிஷை இன்னொரு மொழியின் அளவுகோலால் அளப்பது புதிதல்ல. அந்தோனியோ தே நெப்ரிஹா 1492இல் சலமங்காவில் காஸ்தீலிய மொழிக்கு முதல் இலக்கணத்தை அச்சிட்டபோது அவர் முன்னால் இருந்த அளவுகோல் லத்தீன்.  பெய்யோ தம் நூலின் முன்னுரையில் ஒரு மொழியை இன்னொரு மொழியின் சட்டகத்துக்குள் தள்ளக் கூடாது என்று வலியுறுத்தினார். அன்று அவர் எதிர்த்தது லத்தீன் சட்டகத்தை. இன்று ஸ்பானிஷ் கற்கும் நாம் ஆங்கிலச் சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. தமிழ் பேசுபவருக்கென்றே, தமிழிலேயே சிந்தித்து, ஸ்பானிஷுக்கு ஒரு நல்ல இலக்கணம் எழுதுங்கள். ஆங்கில நூலை மொழிபெயர்க்க வேண்டாம். நான்காம் வேற்றுமையில் தொடங்குங்கள். ஐயுருபை வைத்து 'ஆ'வை விளக்குங்கள். வியங்கோளிலிருந்து சப்ஜங்டிவுக்குப் போங்கள். 'போர்', 'பாரா', பெயர்ச்சொற்களின் பால் ஆகியவற்றுக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்குங்கள், நம் மாணவர்கள் உண்மையிலேயே சிரமப்படுவது அங்கேதான். மாணவர்களே, அந்த நூல் வரும்வரை ஒன்று செய்யுங்கள். கையில் உள்ள புத்தகம் ஏதாவது ஒன்றை 'விசித்திரம்', 'விதிவிலக்கு' என்று சொல்லும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். அது விசித்திரமாக இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை விரைவாகக் கடந்து அடுத்ததற்குப் போய்விடுங்கள்.